சாகாவுக்குக் கண்ணாடிப் பேழை வேண்டாம்

பழைய புரோட்டோன் சாகாவுக்குத் திடீரென்று மரியாதை வந்துவிட்டது. இரும்புக் கடைக்காரர் எடைபோட்டு வாங்கிப் போன வண்டியை இன்று மெழுகு தேய்த்து, பானெட்டைத் திறந்து வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காட்டுகிறார்கள். சுங்கை பூலோவில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கணக்கெழுதப் போய், ஆள் பற்றாக்குறையில் கவுண்டருக்கும் வந்து, அங்கேயே தலை நரைத்தவள் நான். எந்த வண்டிக்கு மவுசு என்பது எனக்குத் தொலைபேசியிலேயே தெரிந்துவிடும். முன்பெல்லாம் சாகாவுக்குச் சாமான் கேட்பவர், "எது மலிவோ அதக் குடுங்கக்கா" என்பார். இப்போது கேட்பவர், "ஒரிஜினல் இருக்கா? பெட்டியோட இருக்கா?" என்கிறார். பெட்டி கிடைத்தால் உள்ளே இருக்கும் சாமானைவிடப் பெட்டிக்கே அதிகம் சந்தோஷப்படுகிறார்.

எனக்கும் இதில் மகிழ்ச்சிதான். ஆனால் போகிற போக்கு பிடிக்கவில்லை. சாகாவின் அசல் தன்மை அதன் பெயிண்டில் இல்லை. எந்த ஊர்ப் பட்டறைப் போமனும் பானெட்டைத் திறந்து, காதால் கேட்டு, கையால் தொட்டு, சாயங்காலத்துக்குள் ஓட வைத்துவிடக்கூடிய வண்டி அது. சாதாரணச் சம்பளக்காரர் வாங்கலாம். வாங்கியபின் வைத்துக் காப்பாற்றவும் முடியும். அந்தத் தன்மையை விட்டுவிட்டுப் பளபளப்பை மட்டும் மீட்டால், நாம் மீட்டது வேறு ஏதோ வண்டி.

1983 மே 7-ஆம் தேதி புரோட்டோன் நிறுவனம் உருவானது. அரசின் ஹைகோம் கையில் 70 விழுக்காடு, மீதி இரண்டு மிட்சுபிஷி நிறுவனங்களிடம். மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை அடிப்படையாக வைத்து ஷா ஆலாமில் பூட்டிய வண்டியை 1985 ஜூலை 9-ஆம் தேதி அன்றைய பிரதமர் மகாதீர் அறிமுகம் செய்தார். அதே ஆண்டு செப்டம்பரில் பினாங்குப் பாலம் திறந்தபோது அதன் மேல் சாகாவை அவரே ஓட்டிப் போனார். முதல் வண்டி தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது.

இதெல்லாம் பள்ளிப் புத்தகத்துச் செய்தி. தோட்டப்புறத்தில் நடந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. அதுவரை தோட்டத்தில் கார் என்றால் துரையின் கார், டாக்டரின் கார். மிஞ்சினால் பெரிய கிராணியாருடைய மோரிஸ் மைனர். சாகாவுக்குக் கிடைத்த வரிச்சலுகையால் அதன் விலை ஜப்பான் வண்டிகளுக்குக் கீழே இறங்கியது. லோரி ஓட்டியவரும், ஆஸ்பத்திரியில் அட்டெண்டனாக இருந்தவரும், செந்தூல் ரயில்வே பட்டறையில் கரி பூசிக்கொண்டவரும் வங்கிக் கடனுக்குத் துணிந்து கையெழுத்துப் போட்டார்கள். கல்யாணத்துக்கு யாருடைய காரையும் இரவல் கேட்காமல், பொண்ணு மாப்பிள்ளையைச் சொந்தக் காரில் ரிப்பன் கட்டி ஏற்றி வந்த தலைமுறை அது.

என் அப்பா அவர்களில் ஒருவர். ஆர்.ஆர்.ஐ. என்று நாங்கள் சொல்லும் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சுங்கை பூலோ தோட்டத்தில் லோரி ஓட்டினார். அந்த நிலத்தில்தான் இப்போது குவாசா டாமான்சாரா எழும்புகிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செகண்ட் ஹேண்டில் ஒரு 1.3 சாகா வாங்கினார், 1987 மாடல். அவர் விட்டுப்போன சொத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த வண்டிகூட இல்லை. டேஷ்போர்டு டிராயரில் இருந்த 555 புத்தகம்தான். மளிகைக் கடையில் கடன் எழுதும் அதே சின்ன நோட்டு. ஒவ்வொரு பழுதையும் தேதி, ஓடிய கிலோமீட்டர், சாமான் விலை, கூலி என்று எழுதியிருக்கிறார். "கிளட்ச் கேபிள் அறுந்தது, கூலி 15." "இடது மட்காட், மோட்டார் சைக்கிள்காரன் இடித்தது, பேசி முடித்தோம், பொத்தோங் கடை சாமான்." "டைமிங் பெல்ட் மாற்றியது. போமன் கூலி வேண்டாம் என்றார்."

என் தம்பிக்கு அந்த வண்டியை ஷோரூம் கண்டிஷனுக்குக் கொண்டுபோக ஆசை. புத்தகத்தை அவன் முன்னால் போட்டேன். காபரேட்டர் மாறியிருக்கிறது, ரேடியேட்டர் மாறியிருக்கிறது, மட்காட் வேறு வண்டியுடையது, சீட் உறை ரவாங்கில் தைத்தது. தொழிற்சாலையில் பூட்டியதில் பாதி அப்பா காலத்திலேயே போய்விட்டது. மிச்சத்தையும் கழற்றிப் போட்டுவிட்டுப் பெட்டி பிரிக்காத சாமானாகத் தேடிப் பூட்டினால் கையில் வருவது அப்பாவின் வண்டியாக இருக்காது. 1987-இல் யாரும் வாங்காமல் கடையிலேயே நின்றுவிட்ட வண்டியாக இருக்கும்.

வண்டியைச் சீராக்கும் வேலையை எடுத்துக்கொண்ட போமன் அறுபதைத் தாண்டியவர். கோலா சிலாங்கூர் சாலையை ஒட்டித் தகரக் கூரைப் பட்டறை. பெயிண்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வந்தார். காந்தம் பிடித்தால் தகடு, வழுக்கினால் பட்டி. பின் சக்கரத்து வளைவிலும் கதவுக்குக் கீழேயும் காந்தம் நிற்கவே இல்லை. சாக்பீஸால் வட்டம் போட்டார். பின்னால் பூட் மூடியைத் திறந்து கார்பெட்டைத் தூக்கி, ஸ்பேர் டயர் குழியில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். தகடு அப்பளமாக நொறுங்கியது.

நம் ஊர்த் துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் கிளம்புகிறது. வெயிலில் கண்ணாடி ரப்பர் வெடிக்கும். வெடிப்பு வழியே மழைத் தண்ணீர் இறங்கிக் கார்பெட்டுக்கு அடியில் தேங்கும். மேலே பெயிண்ட் கொப்பளித்துக் காட்டும்போது தகட்டின் கதை முடிந்திருக்கும். அதன் மேல் பட்டி பூசி ஸ்பிரே அடித்து விற்பது சுலபம், பலர் செய்வதும் அதுதான். ஒழுங்கான நாக்கிங் வேலை வேறு. துருவை வெட்டி, நல்ல தகடு வரும்வரை போய், புதுத் தகட்டை வளைத்துப் பொருத்தி, பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைக்க வேண்டும். ஒரே இடத்தில் தொடர்ந்து வைத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். அதனால் இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டு, ஆறவிட்டு மறுபடியும். பிறகு உள்பக்கம் டோலிக் கட்டையை முட்டுக் கொடுத்து, வெளியே சுத்தியலால் தட்டுவார். கண்ணை மூடி உள்ளங்கையால் தடவி, "இங்க இன்னும் மேடு இருக்கும்மா" என்பார். நான் தடவினால் எனக்கு வழவழப்பாகத்தான் இருந்தது.

அந்த உள்ளங்கைதான் இந்தக் கட்டுரையின் விஷயம். அது எந்தப் பெட்டியிலும் வராது.

கடைக்கு வரும் சாகாக்காரர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி வண்டியைத் துணி போர்த்தி வைத்திருக்கும். மழை வந்தால் வெளியே எடுக்காது, கிலோமீட்டர் ஏறிவிடுமோ என்று பயப்படும். இன்னொரு கட்சி 1.3 என்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு 1.8 லிட்டர் 4ஜி93-ஐ இறக்கும். சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் அனுமதி வாங்கி, புஸ்பாகோம் சோதனையில் காட்டி, கிராண்டில் என்ஜின் எண்ணை மாற்றிக்கொண்டால் அதில் சட்டக் குற்றம் இல்லை. இரண்டு கட்சியும் ஒன்றையொன்று கேலி செய்துகொள்ளும். என் கண்ணுக்கு இரண்டும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன: வண்டியைத் தெருமுனைப் பட்டறையிலிருந்து பிரித்துவிடுகின்றன. ஓடாத வண்டிக்குப் போமன் தேவையில்லை. மடிக்கணினி மாட்டிப் பார்க்க வேண்டிய என்ஜினை எங்கள் போமன் தொடமாட்டார்.

அசல் 4ஜி13 என்ஜினில் மர்மம் எதுவும் இல்லை. நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, ஒரே கேம்ஷாஃப்ட், ஒரு காபரேட்டர். இதே குடும்பத்து என்ஜின்கள் பிறகு ஈஸ்வராவிலும் வீராவிலும் ஓடின. அந்தப் பழைய உடம்பை வைத்துக் கட்டிய சாகா 2008 வரை தயாரிப்பில் இருந்தது. அதனால் கேஸ்கட், வாட்டர் பம்ப், பேரிங் எல்லாம் எங்கள் அலமாரியில் இன்றும் இருக்கின்றன. இதயத்துக்கு மருந்து கிடைக்கிறது, தோலுக்குத்தான் கிடைப்பதில்லை. முதல் மாடல்களின் கதவு ரப்பர், விளக்குக் கண்ணாடி, வெடிக்காத டேஷ்போர்டு, பிறையும் பதினான்கு முனை நட்சத்திரமும் போட்ட பழைய சின்னம் ஆகியவற்றைத் தேடித்தான் ஆட்கள் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கிள்ளான் பொத்தோங் கடைகளில் அலைகிறார்கள்.

கதவு ரப்பரை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் தொடங்கியது. உலகத்துக் கார்களின் டயருக்கு எங்கள் சனங்கள் விடியலில் எழுந்து பால் வெட்டிக் கொடுத்தார்கள். அந்தச் சுங்கை பூலோவில் ஒரு சாகாவுக்குக் கதவு ரப்பர் கிடைக்கவில்லை. இன்று அது செயற்கை ரப்பரில் செய்வது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ரப்பர் சாமான் செய்யும் ஆலைகளுக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் பஞ்சமா? இல்லாதது சரியான அளவும், ஆலைக்காரர் மெனக்கெடும் அளவுக்கு ஒரு மொத்த ஆர்டரும்தான்.

இதற்கு வழி இருக்கிறது, மற்றவர்கள் காட்டியிருக்கிறார்கள். 2017-இல் மஸ்டா, ஜப்பானில் தன் முதல் தலைமுறை ரோட்ஸ்டர் வண்டிகளைத் தானே புதுப்பித்துக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கி, நின்றுபோன பாகங்களையும் மறுபடி செய்ய ஆரம்பித்தது. அதே ஆண்டு நிசான், ஆர்32 ஜிடி-ஆருக்கான பாகங்களை மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவை பெரிய நிறுவனங்கள் என்று சொல்லலாம். சரி, இலங்கையைப் பாருங்கள். இங்கிலாந்து தயாரிப்பதை நிறுத்தி எத்தனையோ காலம் ஆன மோரிஸ் மைனருக்கு, 1990-களில் இலங்கையில் ஒரு தொழிற்கூடம் தகட்டுப் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பியது. ஆங்கிலேயர் கண்டுபிடித்த காருக்கு நம் பக்கத்துக் கைகள் உடம்பு கொடுத்தன. நம் நாட்டுக் காருக்கு நாமே கொடுக்க முடியாதா?

புரோட்டோனிடம் நான் கேட்பது பணம் இல்லை. முதல் தலைமுறைச் சாகாவின் ரப்பர், விளக்கு, தகட்டுப் பாகங்களின் வரைபடங்களைச் சிறு தொழிற்கூடங்களுக்கு உரிமத்தோடு திறந்துவிடட்டும். சங்கங்கள் ஆர்டரைச் சேர்த்துக் கொடுக்கட்டும். 1985-இல் அரசும் பொதுமக்களும் சேர்ந்து தூக்கி நிறுத்திய வண்டி அது. அதன் வரைபடம் பூட்டிக் கிடப்பதில் யாருக்கும் லாபமில்லை.

அரசாங்கத்திடமும் கேட்க இருக்கிறது. பழைய வண்டி என்றாலே ஒழித்துக்கட்ட வேண்டிய சுமை என்ற நினைப்பு நம் கொள்கைகளில் அடிக்கடி தலைகாட்டுகிறது. 2009 மார்ச்சில், பத்து ஆண்டுக்கு மேற்பட்ட காரைக் கொடுத்துவிட்டுப் புது புரோட்டோனோ பெரோடுவாவோ வாங்கினால் 5,000 வெள்ளி கழிவு என்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில், 15 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்குச் சாலைவரி புதுப்பிக்க ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை என்று தேசிய வாகனக் கொள்கையில் சேர்த்தார்கள். மக்கள் கொதித்தெழுந்ததும் விரைவிலேயே கைவிட்டார்கள். அன்று கொதித்தவர்களில் பழைய கார் ரசிகர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பெரும்பாலானோர் வேறு கார் வாங்க வழியில்லாதவர்கள்.

வரிச்சலுகை கொடுத்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. தீபகற்பத்தில் 1.3 சாகாவுக்குச் சாலைவரி ஆண்டுக்கு 70 வெள்ளி. மூன்று லிட்டர் சொகுசுக் காருக்கு இரண்டாயிரத்தைத் தாண்டும். விழுக்காட்டுக் கணக்கில் எந்தச் சலுகை கொடுத்தாலும் பயன் பெரிய காருக்குத்தான். சாகாக்காரனுக்கு வேண்டியது காப்புறுதி. பல நிறுவனங்கள் இவ்வளவு பழைய வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கு மேல் கொடுக்கத் தயங்குகின்றன. இத்தனை பாடுபட்டு மீட்ட வண்டியை யாராவது பின்னால் வந்து இடித்தால், அதன் மதிப்பை இரும்பு விலைக்குத்தான் போடுவார்கள். படங்கள், ரசீதுகள், போமனின் வேலைக் குறிப்பு ஆகியவற்றைப் பார்த்து, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மதிப்புக்குக் காப்புறுதி கொடுக்கும் முறை சாகாவுக்கும் பரவலாக வர வேண்டும். அப்பாவின் 555 புத்தகம் அப்போது வெறும் நினைவுப் பொருளாக இருக்காது, ஆவணமாகிவிடும்.

உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிவாவின் கணக்கில், குறைந்தது 30 ஆண்டு ஆகி, வரலாற்றுக்குப் பொருந்திய நிலையில் பேணப்படுவது வரலாற்று வாகனம். முதல் சாகாக்கள் அந்த வயதைத் தாண்டிப் பல ஆண்டாகிறது. அந்தக் கூட்டமைப்பின் டூரின் சாசனம், பேணுவதையும் மீட்டமைப்பதையும் தனித்தனியாகப் பார்க்கிறது. செய்த வேலையைப் பதிவு செய்யச் சொல்கிறது. வண்டி சாலையில் ஓடுவதையும் பாரம்பரியத்தின் பகுதியாகவே எண்ணுகிறது. வல்லுநர்கள் கூடிச் சொன்னதை எங்கள் ஊர்க்காரர்கள் வேறு விதத்தில் ஏற்கெனவே காட்டிவிட்டார்கள். சுங்கை பூலோவின் நம்பிக்கைப் பள்ளத்தாக்கு 1930-இல் தொழுநோயாளிகளுக்காகத் திறந்த குடியிருப்பு. அதன் ஒரு பகுதி 2007-இல் இடித்துத் தள்ளப்பட்டது. மிச்சம் இருப்பது இன்றும் ஊர் வாயில் இருப்பதற்குப் பெரிய காரணம், அங்கே வாழ்ந்தவர்கள் நடத்திய பூச்செடி நர்சரிகள். ஞாயிற்றுக்கிழமை செடி வாங்க வரும் கூட்டம் அந்த இடத்தை உயிரோடு வைத்திருக்கிறது. புழங்கும் பொருளுக்கு ஆதரவு தானாக வரும்.

எதிர்த் தரப்பிலும் நியாயம் உண்டு. சாகாவில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. புகையும் இன்றைய வண்டியைவிட அதிகம். அதைத் தினமும் ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் கோயிலுக்கும் சந்தைக்கும் போய் வரும் வண்டி, காற்றைக் கெடுப்பவர் பட்டியலில் கடைசியில்தான் வரும். பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் அசல் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிரேக் ஹோஸ், டயர் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். பின் இருக்கை பெல்ட் 2009 ஜனவரி முதல் நாட்டில் கட்டாயம். பழைய வண்டிக்கு விலக்கு உண்டே என்று தம்பி சொன்னான். பேரப்பிள்ளைகள் ஏறும் வண்டியில் விலக்கு எதற்கு என்று நான் கேட்டேன். பெல்ட் மாட்டியாகிவிட்டது.

இனி மிச்சமிருப்பது ஆள். எங்கள் போமனிடம் வேலை கற்றுக்கொள்ள ஒரு பையனும் இல்லை. அவருடைய மகன் அலுவலகத்தில் இருக்கிறான்; அதில் அவருக்குப் பெருமை, எனக்கும் பெருமைதான். ஆனால் படிப்பில் ஒட்டாமல், மூன்றாம் படிவத்தோடு நின்று, வேலைக்கும் போகாமல் தாமான் முனையில் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்திருக்கும் நம் பையன்கள் எத்தனை பேர்? ஷா ஆலாமில் மோண்ட்ஃபோர்ட் பாய்ஸ் டவுன் 1959 முதல் வசதியற்ற பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிறது. கலும்பாங்கில் மைஸ்கில்ஸ் அறவாரியம் நம் இளைஞர்களைத் தூக்கிவிடப் பாடுபடுகிறது. இப்படிப்பட்ட இடங்களுக்கு ஆளுக்கொரு பழைய சாகா போய்ச் சேரட்டும். கணினி கலக்காத வண்டியில் என்ஜின் எப்படி மூச்சு விடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். மின்சாரக் கார் வந்தாலும் அதற்கும் தகடு உண்டு, இடிபட்டால் நிமிர்த்த ஆள் வேண்டும். தகட்டை நிமிர்த்தத் தெரிந்த கைக்கு எந்தக் காலத்திலும் கூலி உண்டு.

சாகா வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதல் பணம் பிரேக்குக்கு. அடுத்தது துருவுக்கு. என்ஜின் சாமான் மூன்றாவது. பெயிண்டும் சின்னமும் கடைசி. வேலை நடக்கும் நாட்களில் ஒரு பையனைக் கூடவே நிறுத்தி, அவனுக்கும் கூலி சேர்த்துப் பட்டறைக் கணக்கை எழுதுங்கள். பெட்டி பிரிக்காத சின்னம் ஒன்றுக்கு இணையத்தில் கொட்டும் பணத்தில் அவனுக்கு ஒரு செட் ஸ்பேனர் வாங்கிக் கொடுக்கலாம். கடைக்கு வாருங்கள், விலை குறைத்துத் தருகிறேன்.